உணவு வரியும் சமுதாயக் கல்லூரியும்

கல்வியின் பயனைப் பற்றிப் பேசுவோர் பலர். அதற்குப் பொருள் கொடுப்பவர் யார் என்று கேட்போர் சிலரே. நம் சங்கத்துக் குடும்பங்கள் இவ்விரண்டாம் கேள்வியை மறத்தற்கில்லை. இக்காலனியில் முதன்முதல் வந்து குடியேறியவர்கள் பரம்பரைச் சொத்தோடு வந்தவர்கள் அல்லர். பிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீஷியன், டிராப்ட்ஸ்மன் என ஏதேனும் ஒரு சான்றிதழைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறியவர்களே மிகுதி. 1950-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தால் எழுந்த ஐ.டி.ஐ.களிலும், மாநில அரசுகள் நடத்திய பாலிடெக்னிக்குகளிலும் அவர்கள் கற்றார்கள். அவர்கள் செலுத்திய கட்டணம் கடைசல் இயந்திரத்தின் எண்ணெய்ச் செலவுக்குக்கூடப் போதுமோ என்பது ஐயமே. எஞ்சிய செலவை வேறு யாரோ ஏற்றார்கள். அந்த 'யாரோ' யார், அவர் ஏன் ஏற்றார், ஏற்றதற்கு ஈடாக என்ன கேட்டார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இக்கேள்வியை ஒரு மாநிலத்து மக்கள் வெளிப்படையாக வழக்காடித் தீர்க்க முயன்ற வரலாறு ஒன்று உண்டு. அது நம் நாட்டில் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நிகழ்ந்தது. அம்மாநிலத்தின் தலைநகராகிய ராலேயிலும், பெருநகராகிய சார்லட்டிலும் இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஆயினும் அவ்வூர்களின் பழைய கதையை அறிந்தவர் நம்மவருள் மிகச் சிலரே ஆவர்.

வட கரோலினாவின் மேற்கே மலைத்தொடர். கிழக்கே கடலோரச் சமவெளி. இடையே பீட்மாண்ட் என்னும் மேட்டு நிலம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மாநிலத்து மக்களின் வாழ்வு மூன்று பொருள்களைப் பற்றி நின்றது: புகையிலை, துணி, மரச்சாமான். ஆலைகளுக்குக் குறைவில்லை. எனினும் தலைக்கு இத்தனை வருமானம் என்று கணக்கிட்டால், அமெரிக்க மாநிலங்களின் வரிசையில் அது கடைக்கோடிக்கு அருகே நின்றது. காரணம் கடினமானதன்று. அவ்வாலைகள் படிப்பில்லாத கைகளைக் கொண்டே ஓடின. கூலியும் அதற்கேற்பவே இருந்தது. பள்ளியைப் பாதியில் விட்ட சிறுவனுக்கும் ஆலையில் இடம் காத்திருந்தமையால், பள்ளியை முடிக்கவேண்டும் என்ற வேகம் வீட்டிலும் பிறக்கவில்லை, ஊரிலும் பிறக்கவில்லை.

கன்னாபொலிஸ் என்னும் ஊரை இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். காலனி வாழ்வு நமக்குப் பழக்கமானது. ஆனால் கன்னாபொலிஸ் போன்ற காலனியை நம்மில் எவரும் கண்டிரார். 1887-இல் ஜேம்ஸ் வில்லியம் கேனன் என்பவர் அருகிலிருந்த கான்கார்டு நகரில் தொடங்கிய பஞ்சாலைத் தொழில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தனி ஊரையே கட்டியது. துவாலையும் படுக்கை விரிப்பும் நெய்யும் ஆலை நடுவில். சுற்றிலும் தொழிலாளர் வீடுகள். வீடு கம்பெனியுடையது, தெரு கம்பெனியுடையது, கடைவீதிக் கட்டடங்களும் கம்பெனியுடையவை. பல்லாயிரவர் வாழ்ந்த அவ்வூர் 1984-ஆம் ஆண்டு வரையில் நகரசபை இல்லாமலே இருந்தது என்றால் நம்புவது அரிது. தந்தை நின்ற தறியருகே மகன் நின்றான். மகனுக்குப் பின் பேரன் நின்றான். கறுப்பின மக்களுக்கோ அத்தறியருகே நிற்கும் உரிமையும் இல்லை. 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வரும் வரையில், தென்னாட்டுப் பஞ்சாலைகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் கூட்டுவதும் சுமப்பதுமான வேலைகளே ஒதுக்கப்பட்டிருந்தன. கன்னாபொலிஸை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். மீண்டும் அங்கே போகவேண்டியிருக்கும்.

பள்ளிக்குப் பிந்திய கல்வியைப் பொதுப்பணத்தில் தரும் முயற்சி அம்மாநிலத்தில் சிறு அளவில் முன்னரே தோன்றியிருந்தது. 1927-இல் மலைநகரமாகிய ஆஷ்வில்லில் பங்கம் கவுண்டி ஒரு இளநிலைக் கல்லூரியைத் திறந்தது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்றதோர் ஆட்சிப் பிரிவு, பரப்பில் சிறியது, வட கரோலினாவில் 100 கவுண்டிகள் உண்டு. கட்டணமே இல்லாமல் தொடங்கிய அக்கல்லூரிக்கு விரைவிலேயே பொருளாதார மந்தம் வந்து சேர்ந்தது. ஒரு கவுண்டியின் வருவாயை மட்டும் நம்பி நிற்கும் கல்லூரி எவ்வளவு தாங்கும் என்பதை ஆஷ்வில் முதலிலேயே காட்டிவிட்டது.

அடுத்த தூண்டுதல் போரிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பும் வீரர்களின் படிப்புச் செலவை மத்திய அரசே ஏற்கும் என்று 1944-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்தது. வீரர்கள் வந்தார்கள், கல்லூரிகளில் இடம் இல்லை. 1946-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகம் பல நகரங்களில் உயர்நிலைப்பள்ளிக் கட்டடங்களிலேயே மாலைநேர வகுப்புகளைத் திறந்து முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தியது. வீரர்களின் வெள்ளம் வடிந்ததும் 1949-இல் அந்நிலையங்கள் மூடப்பட்டன. சார்லட் நகர நிலையத்தை மட்டும் பானி கோன் என்ற கணித ஆசிரியை விடவில்லை. நகரத்தார் துணையோடு அதைச் சார்லட் கல்லூரி என்ற பெயரில் நிலைநிறுத்தினார். வீட்டு வரியில் ஒரு சிறு பகுதியை அதற்குத் தரவும் நகர வாக்காளர்கள் இசைந்தார்கள். பின்னாளில் 1965-இல் அது பல்கலைக்கழகமாகவே வளர்ந்தது. அதே 1949-இல் அதே நகரில் கறுப்பின மாணவர்க்கெனக் கார்வர் கல்லூரி என்று வேறொன்றும் தொடங்கப்பட்டது. ஒரே நகரம், ஒரே நோக்கம், இரண்டு வாயில்கள்; அக்காலத் தென்னாட்டின் நிலைமை அது.

1952-இல் ஆலன் ஹர்ல்பர்ட் என்னும் கல்வியாளர், மாநில அரசின் பொருளுதவியோடு சமுதாயக் கல்லூரிகளை எங்கும் நிறுவலாம் என்று அறிக்கை அளித்தார். மறு ஆண்டு அதை மசோதாவாகச் சட்டசபைக்குக் கொண்டுவந்தார்கள். அது தோற்றது. சட்டசபை உறுப்பினர்களுக்குப் பள்ளிகளுக்குக் கொடுக்கவே பணம் போதவில்லை. பள்ளியைக் கடந்த கல்விக்குக் கொடுப்பானேன் என்று தோன்றியிருக்கவேண்டும்.

நான்கே ஆண்டுகளில் காற்று மாறியது. மாற்றியவர்கள் இருவர். அவர்களுடைய நோக்கங்கள் ஒன்றல்ல என்பதே இவ்வரலாற்றின் சுவையும் சிக்கலும் ஆகும்.

முதலாமவர் லூதர் ஹாட்ஜஸ். பன்னிரண்டு வயதில் பஞ்சாலை ஆபீஸ் பையனாக வேலைக்கு நுழைந்து, படித்து, படிப்படியாக உயர்ந்து, மார்ஷல் ஃபீல்டு கம்பெனியின் துணித்தொழில் முழுவதையும் நடத்தும் நிலையை அடைந்தவர். 1954 முதல் 1961 வரை கவர்னராக இருந்தார். நம் நாட்டில் முதலமைச்சர் ஆற்றும் பணியை அங்கே மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்படும் கவர்னர் ஆற்றுகிறார் என்பதை இங்குக் குறிக்கவேண்டும். புதிய தொழிற்சாலைகளை மாநிலத்துக்கு அழைத்துவர ஊர் ஊராக அலைந்த ஹாட்ஜஸுக்கு ஒரு கேள்வி ஓயாமல் எதிரே நின்றது. மின்கருவிகளும் நுண்கருவிகளும் செய்யும் ஆலை வேண்டுமா? நல்லது, வரைபடம் பார்த்து வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் உங்களிடம் எத்தனை பேர்? இக்கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

இரண்டாமவர் டல்லஸ் ஹெரிங். கிழக்குப் பகுதியில் ரோஸ் ஹில் என்னும் சிற்றூர்க்காரர். குடும்பத் தொழில் சவப்பெட்டி செய்வது. 1957 முதல் 1977 வரை இருபது ஆண்டுகள் மாநிலக் கல்வி வாரியத்தின் தலைவராக இருந்தார். தொழிலுக்கு ஆள் தயாரிப்பது மட்டும் கல்வி ஆகாது, ஒருவன் எந்த நிலையில் வருகிறானோ அந்த நிலையிலேயே அவனை ஏற்றுக்கொண்டு, அவனால் இயன்ற தொலைவு வரையில் அழைத்துச் செல்லவேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து. எழுதப் படிக்கத் தெரியாத நாற்பது வயதுக்காரனுக்கும் கல்லூரி வாயில் திறந்திருக்கவேண்டும் என்றார். ஹாட்ஜஸ் ஆலையின் தேவையிலிருந்து தொடங்கினார். ஹெரிங் ஆளின் தேவையிலிருந்து தொடங்கினார். இருவரும் ஒரே கட்டடத்தில் வந்து சந்தித்தார்கள்.

1957-இல் சட்டசபை இரண்டு காரியங்கள் செய்தது. இளநிலைக் கல்லூரிகளுக்கு உதவும் சட்டம் ஒன்று. மாநிலமெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் தொடங்க 5 லட்சம் டாலர் மற்றொன்று. அந்நாளைய நாணய மாற்றில் அது நம் ரூபாயில் 24 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1958-இல் பர்லிங்டனில் முதல் நிலையங்களுள் ஒன்று தோன்றியது. வெல்டிங், இயந்திரக் கடைசல், மின்னணுவியல், வரைபடக் கலை ஆகியவற்றைப் பகலில் பள்ளி மாணவர்க்கும் இரவில் வேலைக்காரர்க்கும் கற்பித்தார்கள். புதிதாக ஓர் ஆலை வருமானால் அவ்வாலைக்கு வேண்டிய பயிற்சியை, வேண்டிய ஆட்களுக்கு, அரசின் செலவிலேயே கொடுப்பது என்ற ஏற்பாட்டையும் அம்மாநிலம் மிக முன்னதாகவே கைக்கொண்டது. 1961-இல் ஐந்து பொதுக் கல்லூரிகளும் ஏழு பயிற்சி நிலையங்களும் இருந்தன. கல்லூரிகள் ஒரு வாரியத்தின்கீழ், நிலையங்கள் மற்றொரு வாரியத்தின்கீழ். கல்லூரியில் இலக்கியம் படிப்பவன் நிலையத்தில் வெல்டிங் படிப்பவனைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நம் நாட்டில் பி.ஏ.க்கும் ஐ.டி.ஐ.க்கும் இடையே நாம் எழுப்பிவைத்துள்ள சுவர் நினைவுக்கு வருகிறதல்லவா?

இனி உணவு வரிக்கு வருவோம். 1960 தேர்தலில் வென்று 1961 ஜனவரியில் கவர்னரானவர் டெர்ரி சான்ஃபோர்ட். கல்வியை உயர்த்துவதாக வாக்களித்து வந்தவர். அந்நாளில் வட கரோலினா கவர்னர் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க முடியாது. ஆகவே எதைச் செய்வதாயினும் நான்கு ஆண்டுகளுக்குள் செய்தாகவேண்டும். பணம் வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வழி, அதுவரை விற்பனை வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்த உணவுப் பொருளின்மேல் 3 விழுக்காடு வரி விதிப்பது. ரொட்டிக்கு வரி, பாலுக்கு வரி, பன்றி இறைச்சிக்கு வரி. செல்வனும் ஏழையும் உண்ணும் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே இவ்வரி ஏழையின் வருமானத்தில் பெரும்பங்கையும் செல்வன் வருமானத்தில் சிறுபங்கையும் எடுக்கும். இதைச் சான்ஃபோர்டின் எதிரிகள் மட்டுமல்லர், நண்பர்களும் எடுத்துரைத்தார்கள். ஏழையின் பிள்ளைக்கே இக்கல்வி மிகுதியும் பயன்படும் என்பது அவருடைய விடை. சட்டம் நிறைவேறியது. மக்கள் அதற்கு 'டெர்ரியின் வரி' என்று பெயர் வைத்தார்கள். அன்பினால் வைத்த பெயரன்று. 1961 நவம்பரில் கட்டடங்களுக்காக மாநிலம் கடன்பத்திரம் வெளியிட இசைவு கேட்டு வாக்கெடுப்பு நடந்தபோது, கேட்ட கடன்கள் அனைத்தையும் மக்கள் மறுத்தார்கள். கடைக்காரரிடம் கொடுத்த வரியின் கசப்பு வாக்குச்சீட்டில் வெளிப்பட்டது என்று அன்றே பேசிக்கொண்டார்கள்.

எம் கருத்தைச் சொல்வதானால், அவ்வரி நல்ல வரியன்று. நிலபுலம் உள்ளவரிடமும் ஆலை உள்ளவரிடமும் கேட்கவேண்டியதைச் சந்தைக்கு வரும் தாய்மாரிடம் கேட்டது அது. ஆயினும் சான்ஃபோர்டின் துணிவில் ஒரு நேர்மை இருந்தது. இன்ன கல்விக்காக இன்ன வரி என்று பெயர் சொல்லிக் கேட்டார். பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்கவில்லை. ரொட்டி வாங்கிய ஒவ்வொருவரும் தாம் கல்விக்குக் கொடுத்தவர் என்பதை அறிந்திருந்தார்கள். அறிந்தவர்கள் பின்னர் அக்கல்வியைக் கேட்கும் உரிமையும் கொண்டார்கள். உணவின்மேல் இருந்த மாநில வரி படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1999-இல் நீங்கியது. கல்லூரிகள் நீங்கவில்லை.

சான்ஃபோர்ட் 1961-இல் இர்விங் கார்லைல் என்னும் வழக்கறிஞர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். கல்லூரிகளையும் பயிற்சி நிலையங்களையும் ஒரே அமைப்பாக இணைக்கவேண்டும் என்று 1962-இல் குழு பரிந்துரைத்தது. 1963 மே மாதம் சட்டசபை அதை ஏற்றுச் சமுதாயக் கல்லூரித் துறையை நிறுவியது. அதே ஆண்டில் சார்லட்டில், கறுப்பினத்தார்க்கெனத் தொடங்கிய கார்வர் கல்லூரியின் வழிவந்த மெக்லன்பர்க் கல்லூரியும் நகரத் தொழிற்பயிற்சி நிலையமும் இணைந்து சென்ட்ரல் பீட்மாண்ட் சமுதாயக் கல்லூரி ஆயின. சுவர் ஒரே நாளில் இடிந்துவிட்டது என்று கொள்ளவேண்டா; ஆயினும் வாயில் ஒன்றாயிற்று.

1963-ஆம் ஆண்டுச் சட்டம் செலவைப் பங்கிட்ட முறை கவனிக்கத்தக்கது. ஆசிரியர் சம்பளமும் பாடம் நடத்தும் செலவும் மாநிலத்தின் பொறுப்பு. நிலம், கட்டடம், விளக்கு, தண்ணீர், பராமரிப்பு ஆகியவை கவுண்டியின் பொறுப்பு. மாணவர் தருவது சிறு கட்டணம். அதையும் சட்டசபையே நிர்ணயிக்கும். இம்முறையால் ஒவ்வோர் ஊராரும் கல்லூரியைத் தம்முடையதென்று எண்ணினார்கள். தம் வீட்டு வரியில் எழுந்த கட்டடமல்லவா? அதே முறையால் வளமிக்க கவுண்டியில் மாளிகையும் வறிய கவுண்டியில் கொட்டகையும் எழுந்தன என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

மாநிலம் தன் பங்கை எப்படி அளந்து கொடுப்பது? இங்கேதான் கணக்கர் உள்ளே வருகிறார். ஓர் ஆண்டில் 512 மணி நேரப் பாடம் ஒரு முழு மாணவர் என்பது அவர்களுடைய அளவை. வாரத்துக்கு 16 மணி, பருவத்துக்கு 16 வாரம், ஆண்டுக்கு இரண்டு பருவம் என்று பெருக்கினால் அத்தொகை வரும். ஆலையில் வேலை செய்துகொண்டே இரவில் 64 மணி நேரம் வெல்டிங் கற்பவர் எண்மர் சேர்ந்தால்தான் கணக்கில் ஒரு மாணவர். இப்படிச் சேர்ந்த தலைகளை எண்ணி மாநிலம் பணம் தரும். தலை எண்ணிப் பணம் தருவது நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் அதில் இரண்டு கோணல்கள் உண்டு.

முதலாவது, எல்லாத் தலைக்கும் ஒரே செலவு ஆவதில்லை. வரலாற்று வகுப்பில் நாற்பது பேரை உட்காரவைத்து ஒரு கரும்பலகையோடு பாடம் முடித்துவிடலாம். நர்ஸ் பயிற்சியில் ஆசிரியை ஒருவர் ஆஸ்பத்திரி வார்டில் ஒருசிலரை மட்டுமே மேற்பார்க்க இயலும். வெல்டிங் கூடத்தில் வாயுவும் கம்பியும் இரும்பும் நாள்தோறும் எரிந்து தீரும். மாநிலத்துக்கு மிகவும் தேவைப்படும் ஆட்களே கல்லூரிக்கு மிகவும் செலவு வைக்கும் மாணவர்கள். ஆகவே கணக்கை மட்டும் பார்க்கும் முதல்வர் நர்ஸ் வகுப்பைக் குறுக்கி, கரும்பலகை வகுப்பைப் பெருக்குவார். இதை உணர்ந்து பிற்காலத்தில் செலவு மிகுந்த பாடங்களுக்குச் சற்றுக் கூடுதல் விகிதம் வகுத்தார்கள்.

இரண்டாவது கோணல் இதனினும் ஆழமானது. எண்ணப்படுவது சென்ற ஆண்டின் தலைகள். பசியோடு வருவது இந்த ஆண்டின் மக்கள். நல்ல காலத்தில் இவ்வேறுபாடு தெரிவதில்லை. 1966-இல் 43 நிலையங்களாக இருந்த அமைப்பு, எழுபதுகளின் இறுதியில் 58 ஆக வளர்ந்தது. எந்த ஊரிலிருந்தும் அரை மணிப் பயணத்தில் ஒரு கல்லூரி என்ற நிலை வந்தது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் பல்கலைக்கழகங்களுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்குமாக 310 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு மக்களிடம் இசைவு கேட்டபோது, 100 கவுண்டிகளிலும் பெரும்பான்மை கிடைத்தது. 1961-இல் மறுத்த மக்களின் பிள்ளைகளும் பேரர்களும் அளித்த வாக்கு அது.

2003-இல் சோதனை வந்தது.

கன்னாபொலிஸ் ஆலை கைமாறிக்கொண்டே வந்திருந்தது. ஹாட்ஜஸ் இளமையில் உழைத்து உயர்ந்த ஆலைகளுக்குப் பிற்காலத்தில் ஃபீல்டுகிரெஸ்ட் என்று பெயர். அக்கம்பெனி எண்பதுகளில் கேனன் ஆலைகளை வாங்கியது. 1997-இல் பில்லோடெக்ஸ் என்னும் கம்பெனி அதையும் விழுங்கியது. பன்னாட்டு வாணிபத் தடைகள் தளர்ந்து, வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்துகொண்டிருந்த காலம். 2003 ஜூலை 30-ஆம் நாள் பில்லோடெக்ஸ் தன் ஆலைகளை மூடியது. ரோவன், கபாரஸ் என்ற இரு கவுண்டிகளில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்டோர் அன்று வேலை இழந்தார்கள். ஒரே நாளில் இத்தனை பேர் வேலை இழந்தது அம்மாநில வரலாற்றில் அதுவரை இல்லை. அவர்களில் பலர் நடுவயதைக் கடந்தவர்கள். கணிசமானோர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். ஏனெனில் ஆலை அதைக் கேட்டதேயில்லை.

அவர்கள் போன இடம் ரோவன்-கபாரஸ் சமுதாயக் கல்லூரி. 1963-இல் தொழிற்பயிற்சி நிலையமாகப் பிறந்தது அது. இறக்குமதியால் வேலை இழந்தோர்க்குப் பயிற்சிச் செலவும் பயிற்சிக்கால உதவித்தொகையும் தரும் மத்தியச் சட்டம் ஒன்று அமெரிக்காவில் அப்போது நடைமுறையில் இருந்தது. அது துணை செய்தது. ஆனால் வகுப்பறையும் ஆசிரியரும் சட்டத்தால் முளைப்பதில்லை. கல்லூரியின் அவ்வாண்டுப் பணம் முந்திய தலைகளை எண்ணி வந்தது. புதிய கூட்டத்துக்காக மத்திய அரசின் அவசர மானியத்தைத் தேடிப் பெறவேண்டியதாயிற்று. முப்பது ஆண்டுகள் தறியருகே நின்ற பெண்மணி பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுக்காகப் பின்னக் கணக்குப் படித்தாள். கணிப்பொறியின் சுட்டியைப் பிடிக்கக் கற்றாள். பின்னர் நோயாளர் பராமரிப்புக்கோ ஆபீஸ் வேலைக்கோ பயின்றாள். எல்லோருக்கும் ஆலைக் கூலிக்கு ஈடான வேலை கிடைத்துவிட்டது என்று எழுத முடியாது, பலருக்குக் கிடைக்கவில்லை. ஹெரிங் 1957-இல் சொன்னது அன்று எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. ஆலைக்கு வேண்டிய திறமையை மட்டும் கற்றவர்களிடம், ஆலை போனபின் எஞ்சியது ஒன்றுமில்லை.

பஞ்சாலை இடிக்கப்பட்டது. அதன் இடத்தில் 2005-இல் அறிவிக்கப்பட்ட ஆராய்ச்சி வளாகம் எழுந்தது; அதில் ரோவன்-கபாரஸ் கல்லூரிக்கும் ஒரு கட்டடம் உண்டு. அங்கே முன்பு நெய்த துவாலைகளையும் விரிப்புகளையும் போன்றவை இன்று கரூரிலிருந்தும் பிற ஆசிய நகரங்களிலிருந்தும் அமெரிக்கக் கடைகளுக்குப் போகின்றன. இதில் நாம் மகிழ்வதா வருந்துவதா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளட்டும். கரூர்த் தறிகளுக்கு அருகே நிற்பவர்களும் பள்ளியை முடித்தவர்களா என்பதை மட்டும் கேட்டுவைக்கிறோம்.

2008-இன் பொருளாதார வீழ்ச்சியில் அதே கதை மாநில அளவில் நடந்தது. 2010-இன் தொடக்கத்தில் வேலையில்லாதோர் 11 விழுக்காட்டைத் தாண்டினார்கள். கல்லூரி வாயில்களில் கூட்டம் பெருகியது. அதே வேளையில் விற்பனை வரியும் வருமான வரியும் சுருங்கி, மாநிலம் செலவைக் குறைக்கலாயிற்று. வேலை இல்லாத காலமே கற்க வாய்த்த காலம். அதுவே அரசின் கையில் காசில்லாத காலம். தலை எண்ணும் எந்தச் சூத்திரமும் இம்முடிச்சை முழுதாக அவிழ்க்கவில்லை. மாணவர் கட்டணமும் மெல்ல ஏறி, கடந்த சில ஆண்டுகளாகப் பாட அலகு ஒன்றுக்கு 76 டாலரில் நிற்கிறது. அமெரிக்க அளவில் அது குறைவே. இரவு வேலைக்காரனுக்கு அது குறைவு என்று சொல்லத் துணியோம். 2023, 24-ஆம் ஆண்டுகளில் அம்மாநில வாரியம் புதியதொரு சூத்திரத்தை முன்வைத்தது: எத்தொழிலுக்கு ஆட்கள் மிகவும் வேண்டுமோ, எதில் கூலி உயர்ந்ததோ, அத்தொழில் வகுப்புக்கு மிகுந்த பணம். ஹாட்ஜஸ் இருந்தால் கைதட்டியிருப்பார். நாற்பது வயதில் எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கு அந்தப் பட்டியலில் எந்த இடம் என்று ஹெரிங் கேட்டிருப்பார்.

அக்கல்லூரிகளின் பெயரும் எண்ணமும் நம் நாட்டுக்கும் வந்தன. 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996-இல் சென்னை சமுதாயக் கல்லூரி தோன்றியது. தமிழகத்தில் இவ்வியக்கம் பரவ முன்னின்று உழைத்தவர் சேவியர் அல்போன்ஸ் அடிகளார். பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் குடிசைப் பகுதிப் பெண்களும் அவற்றில் சேர்ந்தார்கள். பெரும்பாலானவற்றை நடத்தியவை தொண்டு நிறுவனங்களும் திருச்சபைகளும்; பணத்தை அவையே திரட்டின. அரசாங்கப் பணம் வெகு பின்னர்ப் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில், பல்கலைக்கழக மானியக் குழுவின் வழியே வந்தது. திட்டக்காலத்துக்கு என்று அளந்து வந்தது. மானியத்தில் வாங்கிய இயந்திரம் திட்டம் முடிந்தபின்னும் எண்ணெய் கேட்கும் என்பதைக் கணக்கர்கள் எல்லா நாட்டிலும் மறந்துவிடுகிறார்கள். வட கரோலினாவில் ரொட்டி வாங்கியவர் அறிந்திருந்ததைப் போல, நம் ஐ.டி.ஐ.க்கும் சமுதாயக் கல்லூரிக்கும் தாமே கொடுத்தவர் என்று தீப்பெட்டி வாங்கும் நம் மக்கள் அறிந்தாரில்லை, ஆகவே கேட்டாருமில்லை.

அத்தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தையலும், நோயாளர் பராமரிப்பும், மின்கருவிப் பழுதுபார்ப்பும் கற்பித்ததோடு, நாலு பேர் நடுவில் பேசுவது, வங்கியில் கணக்குத் திறப்பது, விண்ணப்பம் எழுதுவது போன்ற வாழ்க்கைத் திறன்களையும் பாடத்திட்டத்தில் ஒரு பகுதியாக வைத்தார்கள். ரோஸ் ஹில்லின் சவப்பெட்டி வியாபாரி அதைப் பார்த்திருந்தால் வியப்படைந்திருக்கமாட்டார்.